எங்கப்பாவைப் பார்த்ததாகச் சொன்ன பாக்கியம் அக்கா

பாக்கியம் அக்கா போய்விட்டாள்.

இன்று காலை, திருவொற்றியூரில், மகள் வீட்டில். பேத்தி போன் செய்தாள். "தூங்கிக்கினே போய்ட்டாங்க தாத்தா."

எனக்குத் தொண்ணூற்றிரண்டு. அவள் என்னைவிட ஐந்து வயது மூத்தவள். "இந்த வயசில் இது சகஜம்தானே" என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். எனக்கே தெரியும்.

இதை நானே டைப் செய்கிறேன். பள்ளிக்கூடம் போகாதவன்... ஹார்பரில் இறங்கிய பெட்டிகளின் மேல் இருந்ததைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவன். பிழை இருந்தால் அப்படியே படியுங்கள். திருத்த வராதீர்கள்.

நாங்கள் இருவரும் பர்மாவிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். முப்பதுகளின் தொடக்கம். அங்கே சர்க்காரை எதிர்த்துக் கலகம், பட்டாளம், துப்பாக்கி... நடுவில் மாட்டிக்கொண்டது அரிசி மில்லில் கூலி வேலை பார்த்த எங்கள் குடும்பங்கள்.

அம்மாவையும் என்னையும் அப்பா படகில் ஏற்றிவிட்டார். "பின்னாலேயே வந்துடறேன்" என்றார். ஆற்றின் மேல் பனி. இடுப்புவரை தெரிந்தார்... பிறகு தலைப்பாகை மட்டும்... பிறகு வெறும் வெள்ளை.

பாக்கியமும் அதே மில் லைனைச் சேர்ந்தவள்தான். இரண்டு நாள் கழித்து வேறு கூட்டத்தோடு ஆற்றங்கரை வழியாகத் தப்பி, நாங்கள் கப்பலுக்குக் காத்திருந்த துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தாள். தனியாக. அவள் வீட்டில் யாரும் மிஞ்சவில்லை.

இங்கே இறங்கியதும் ராயபுரத்தில் ஒரு தர்ம சங்கத்தார் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். சண்டையில் ஆதரவிழந்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று ஒரு பெரிய பழைய வீடு. அக்கம்பக்கத்தில் அதற்குப் பெயர் 'கப்பல் வூடு'. ஆறே மாதத்தில் ராயபுரத்துப் பேச்சு எங்கள் நாக்கில் ஏறிவிட்டது.

மத்தியானம் சாப்பிட்டதும் பிள்ளைகள் எல்லாரும் கூடத்தில் மல்லாந்து படுத்திருப்போம். வெளியே தண்ணீர்த் தொட்டியில் வெயில் விழுந்து, அந்த வெளிச்சம் கூரையில் நெளிந்துகொண்டிருக்கும். தூரத்தில் கப்பல் சங்கு... பாதித் தூக்கம்.

"அதான்டா ஐராவதி ஆறு" என்பாள் பாக்கியம். "கறுப்பா ஒரு கோடு கீது பாரு, அது படகு. உள்ள யாரு குந்திக்கினு கீறாங்க?"

"யாரு?"

"ஒங்கப்பன்தான்டா. துடுப்பு போடாம தூங்கிக்கினு வர்றாரு. அதான் லேட்டு."

நான் நம்பினேன். படகு தினமும் கூரையின் மூலைவரை வரும். மேகம் வந்தால் ஆறே காணாமல் போகும்.

அந்த வீட்டைப் பற்றி இப்போது எல்லாரும் நல்லதாகவே எழுதுகிறார்கள். அங்கே சோறு தின்றவன் குறை சொல்லக் கூடாதாம். சொல்வேன்.

விதவைக்கும் அநாதைக்கும்தான் அங்கே இடம். புருஷன் இருந்தால் அவன் காப்பாற்றட்டும் என்பது அவர்கள் சட்டம். இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதவளை அவர்கள் லிஸ்டில் எங்கேயும் எழுத முடியாது. அம்மா பொட்டு வைத்திருந்தாள்.

ஒரு நாள் லிஸ்டைச் சரிபார்க்கச் சங்கத்து அம்மாள் ஒருவர் வந்தார். வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். அம்மாவின் முறை.

"உன் புருஷன் இருக்காரா, இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லும்மா."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் முந்திக்கொண்டேன். "எங்கப்பா படகுல வந்துக்கினு கீறாரு!"

அவர் சிரித்தார். "ரொம்ப நல்லதாப் போச்சு. அப்போ நாளைக்கு இடத்தைக் காலி பண்ணிடுங்க."

இந்த ஊரில் எங்களுக்கு ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது. நான் அழ ஆரம்பித்தேன்.

அப்போதுதான் பாக்கியம் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். பன்னிரண்டு வயது.

"அவன் சின்னப் பையன், அவனுக்கு இன்னா தெரியும்? அவங்கப்பா செத்துட்டாரு. ஆத்தோரமா கெடந்தாரு. நான் பார்த்தேன்."

சாயங்காலத்துக்குள் அம்மாவின் வளையலை உடைத்தார்கள். பொட்டை அழித்தார்கள். எங்களுக்கு இடம் நிலைத்தது.

அதன்பின் நாற்பது வருஷம் அம்மா வெறும் நெற்றியோடு இருந்தாள். பாக்கியத்தை ஒரு வார்த்தை கேட்டதில்லை. சோறு போடும்போது அவளுக்குத்தான் முதலில் போடுவாள்.

நான் கேட்டேன். அவள் கல்யாணத்தில் கேட்டேன். யானைக்கவுனியில் பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டேன். அம்மாவை எரித்துவிட்டு வந்த அன்றும் கேட்டேன். நிஜமாகவே பார்த்தாயா, இல்லை எங்கள் சோற்றுக்காகச் சொன்னாயா?

ஒரு தடவை "பார்த்தேன்" என்பாள். அடுத்த தடவை "பச்சைப் பொய்டா" என்பாள்.

அந்தக் கோபத்தில் ஆறு வருஷம் அவளோடு பேசவில்லை. அவளே வண்ணாரப்பேட்டையிலிருந்து தூக்குச் சட்டியோடு வந்து வாசலில் நின்றாள். "இன்னா நைனா, பேஜாரு தீந்துச்சா? கருவாட்டுக் கொழம்பு கீது, துன்றியா?"

தின்றேன். கோபம் தீரவில்லை.

போன மாதம் கடைசியாகப் பார்த்தேன். ஜன்னலோரம் கட்டிலில், துணி மடித்து வைத்ததுபோல் கிடந்தாள்.

"அக்கா, இப்பவாச்சும் நெஜத்தச் சொல்லு."

"எண்பது வருஷமா இதையே புட்சிக்கினு தொங்குறியேடா..." கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஒங்கம்மா ஒன் கைய புட்சிக்கினு நின்னாங்க. அவங்க கை நடுங்கிச்சி. அத்த நான் பார்த்தேன் நைனா."

நான் கேட்டது அது இல்லை. அதை அவளிடம் சொல்வதற்குள் நிஜமாகவே தூங்கிப்போனாள்.

போய் வா, அக்கா. அம்மா அங்கே உனக்கு முதலில் சோறு போட்டு வைத்திருப்பாள். அப்பாவும் எப்படியும் இந்நேரம் அங்கேதான் இருப்பார்.

எப்போது வந்தார் என்று மட்டும் கேட்டு வை.

நான் வந்து தெரிந்துகொள்கிறேன்.