சி.டி. பெட்டிகளைப் பழுது பார்த்தது நான் இல்லை

அக்கா போய் இன்றோடு ஓராண்டு. நினைவுப் பூசைக்கு வந்து, சாப்பிட்டு முடித்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். வெயிலுக்கு இதை விசிறியாக மடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள். பிறகு விசிறிக்கொள்ளுங்கள். உங்களில் சிலருக்கு அப்போதுதான் ரொம்பப் புழுங்கும்.

நான் மூன்றாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன். அந்த வகுப்பை என் அளவுக்கு ஆழமாகப் படித்தவர் திண்டுக்கல்லில் கிடையாது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். ‘அக்கா வந்துச்சு, போச்சு’ என்று நான் சொன்னால் ‘வந்தார், போனார்’ என்று மரியாதையாகத் திருத்திவிடுகிறாள். கெட்ட வார்த்தை வந்தால் பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். இதுவரை நான்கு தடவை பார்த்துவிட்டாள்.

எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று சொல்லிவிடுகிறேன். இந்த மலருக்கு முதலில் கட்டுரை எழுதிக் கொடுத்தவர் எங்கள் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். அதில் ‘திருமணமாகாத தமக்கையைத் தம் உழைப்பால் இறுதிவரை காத்த அன்புத் தம்பி’ என்று ஒரு வரி இருந்தது. தம்பி நான்தான். மகள் அதை வாசித்துக் காட்டியபோது எனக்குக் காது சுட்டது. அச்சகத்துக்குப் போய் அந்தத் தாளைத் திருப்பி வாங்கிவிட்டேன். அது பொய். அக்காவை நான் காப்பாற்றவில்லை. என்னையும், என் பெண்டாட்டியையும், இதை எழுதுகிற பிள்ளையையும் காப்பாற்றியவர் அக்கா. என் பெயரில் போர்டு போட்டு ஓடிய சி.டி. பிளேயர் ரிப்பேர் கடையில் ஒரு பெட்டியைக்கூட நான் சரி செய்ததில்லை. திருகாணி கழற்றியிருக்கிறேன். திரும்ப மாட்டியதில்லை.

அக்கா பிறந்தது திண்டுக்கல் பேகம்பூர் பக்கத்தில் ஒரு சந்தில். அப்பாவுக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. பிளஸ் டூ முடித்ததும் அக்கா தையல் படிக்கப் போவதாக வீட்டில் சொன்னார். போனது ரேடியோ, டேப் ரிக்கார்டர் மெக்கானிசம் படிக்க. வகுப்பில் இருபது ஆண்கள், அக்கா மட்டும் பெண். ஆறு மாதம் கழித்து அம்மா, “எம்புட்டு நாளாப் போற, எனக்கு ஒரு ஜாக்கெட்டு தச்சுத் தா பாப்போம்” என்றார். அக்கா துணியைக் கடைத்தெருவில் ஒரு டெய்லரிடம் கொடுத்துத் தைத்து வாங்கி வந்து நீட்டினார். அம்மா போட்டுப் பார்த்துவிட்டு, “கையி கொஞ்சம் இறுக்குது. பழகப் பழக வந்துரும், விடு” என்றார். அந்த டெய்லர் முப்பது வருடமாகத் தைக்கிறவர்.

குட்டு உடைந்த அன்றைக்குப் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். அப்பாவை உட்கார வைத்துக் கேட்டார். “ஏலே, ஸ்க்ரூ டிரைவரப் புடிக்கிற புள்ளைய எவன்லே கட்டுவான்? நாளப்பின்ன மாப்ள வீட்டுல கேட்டா, பொண்ணு மெக்கானிக்குன்னு சொல்லுவியா?”

அப்பா வாய் திறக்கவில்லை. அக்கா திறந்தார். “மாப்ள வீட்டுல ஃபேன் ஓடலன்னா நானே சரி பண்ணிருவேன் பெரியப்பா. சீர்ல அத எழுதிக்கிடுங்க.”

பெரியப்பா வந்த கோபத்தில் காப்பியைக் குடிக்காமல் போனார். பிறகு அவரே ஒரு தீர்ப்பும் சொன்னார். கடை வைக்கலாம். போர்டில் பையன் பெயர் இருக்க வேண்டும். முன்னால் பையன் உட்கார வேண்டும். பெண் உள்ளே, திரைக்குப் பின்னால். எனக்கு அந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடித்திருந்தது. உட்கார்வதற்குப் படிப்பு தேவையில்லை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இடுப்பில் மாட்டிக்கொண்டு காதில் பாட்டுக் கேட்கிற சி.டி. பிளேயர்களை, வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் கொண்டுவந்த காலம். கெட்டுப் போனால் பார்க்க ஆள் கிடையாது. ஊர் மெக்கானிக்குகள் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கிற கண்ணைப் பார்த்ததும், “இது லேசருங்க, நம்ம கண்ணு போயிரும்” என்று மூடிவிடுவார்கள். அக்கா அந்தக் கண்ணைப் பஞ்சால் துடைத்துவிடுவார். கண் நகர்கிற தண்டவாளத்தில் வருடக்கணக்கில் இறுகிப்போன கிரீஸைத் தீக்குச்சியால் சுரண்டி எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவார். தையலுக்கும் அக்காவுக்கும் இருந்த ஒரே சம்பந்தம் அந்த எண்ணெய்தான்.

செல்போனில் பாட்டு வந்த பிறகு ஜனங்கள் சி.டி. பிளேயரைக் காயலான் கடையில் போட ஆரம்பித்தார்கள். அக்கா அங்கே போய் ஆகப் பழசாகப் பார்த்து எடுத்து வருவார். தகர உடம்பு, செங்கல் கனம். “அக்கா, இத யாரு சீந்துவா?” என்பேன். “ஒன்னயவே பதினாலு வருசமாச் சீந்துறேன், இதுக்கென்ன?” என்பார். சரி செய்து வைத்தால் அதற்கென்று ஒரு ஆள் தேடி வருவார். பாட்டின் அருமை தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பெட்டியைப் பிழைக்க வைப்பதைவிட அதற்குக் கரண்டு கொடுப்பதுதான் பெரிய பாடு. சில பழைய பெட்டிகளுக்குச் சூயிங்கம் பட்டை மாதிரி ஒரு பேட்டரி. திண்டுக்கல்லில் இல்லை, மதுரையிலும் இல்லை. அக்கா செத்துப்போன கார்ட்லெஸ் போன்களில் இருந்து உயிருள்ள பேட்டரிகளைப் பொறுக்கி, சோப்பு டப்பாவுக்குள் கட்டி, ஒயர் இழுத்துக் கொடுப்பார். சின்னாளப்பட்டியில் இருந்து ஒரு நெசவாளி வந்தார். பாட்டு இல்லாமல் அவருக்குத் தறி ஓடாது. ஆனால் பாதி நாள் கரண்டு கிடையாது. அக்கா எமர்ஜென்சி விளக்கின் பேட்டரியை எடுத்து, கரண்டின் வேகத்தைக் குறைத்துப் பெட்டிக்குப் பொருத்தமாக்கிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து அந்த அண்ணன் கையில் ஒரு சுங்குடிச் சேலையோடு வந்தார்.

“தம்பி, ஒங்க கையிக்குத் தங்கக் காப்புப் போடணும். ஏலாது. இத ஒங்க வீட்டுல கட்டச் சொல்லுங்க.”

நான் வாங்கிக்கொண்டேன். என் பெண்டாட்டிக்குக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் அதைக் கட்டிக்கொண்டு பூசைக்குக் கிளம்பினாள். அக்கா பார்த்துவிட்டு, “கலரு நல்லாருக்கு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. இரண்டு தடவை அறைந்தும் இருக்கிறேன். வலித்ததால் நிறுத்திவிட்டேன்.

எங்கள் கடையின் ஏற்பாடு இது. வந்தவர் கோளாறைச் சொல்வார். நான் அதைத் திரைக்குக் கேட்கிற மாதிரி திரும்ப உரக்கச் சொல்வேன். அக்கா ஒரு தடவை இருமினால் முடியும், இரண்டு தடவை இருமினால் முடியாது. ஒரு மார்கழியில் அக்காவுக்கு நிஜமாகவே சளி பிடித்துவிட்டது. நான் எட்டுப் பேரைத் திருப்பி அனுப்பினேன். ஒன்பதாவது ஆளையும் அனுப்பும்போது உள்ளே இருந்து ஒரு செருப்பு வந்து என் முதுகில் விழுந்தது.

இனி பாய் கதை. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பேகம்பூர் பாய் குவைத்தில் வாங்கிய முதல் சம்பளத்தில் வாங்கிய பெட்டி அது. அக்கா இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டிச் சரி செய்திருந்தார். பாய் வாங்க வந்த நேரம் அக்கா தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். சும்மா இருந்திருக்கலாம். “செத்த நேரம் இருங்க பாய், போட்டுக் காட்டுறேன்” என்றேன்.

அடாப்டர்களில் ஒரு படம் போட்டிருக்கும். நடுவில் புள்ளி, சுற்றி வளையம், ஒரு பக்கம் கூட்டல் குறி, ஒரு பக்கம் கழித்தல் குறி. கூட்டல் குறி எனக்குச் சிலுவை. மாதா கோவிலில் அதைத்தானே பார்த்திருக்கிறேன். அக்காவும் என் வழிக்கே வந்து சொல்லித் தந்திருந்தார்: சிலுவையில் இருந்து வரும் கோடு புள்ளியைத் தொட்டால் உள்சிலுவை, வளையத்தைத் தொட்டால் வெளிச்சிலுவை. பெட்டிக்குப் பெட்டி மாறும், மாற்றிச் சொருகினால் எரிந்துவிடும். பாய் பெட்டி உள்சிலுவை. நான் வெளிச்சிலுவையைச் சொருகினேன்.

புகை வந்தது. பாய், “யா அல்லா!” என்று எழுந்துவிட்டார். “அடப்பாவி, ரெண்டு மாசம் வச்சிருந்து கொளுத்திட்டியேடா!”

அக்கா குடத்தோடு உள்ளே வந்தார். குடத்தை இறக்கினார். மோந்து பார்த்தார். “சிலுவைய மாத்திட்டியாடா?”

பாய் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். “நம்ம வீட்டுப் பெட்டியில ஏதும்மா சிலுவை?”

அக்கா பாய்க்கு முன்னாலேயே உட்கார்ந்து மூடியைக் கழற்றினார். கருகிப்போன ஒரு பொடிச் சாமானை எடுத்துக் காட்டினார். “டயோடு. இது மட்டுந்தான் செத்துருக்கு, பெட்டி பொழச்சுக்கிருச்சு. இவன் என்னைக்காவது இப்படிப் பண்ணுவான்னு தெரியும் பாய். அதான் எல்லாப் பெட்டிக்கும் ஒண்ணு காவலுக்கு வச்சு விடுறது.” புதிதாக ஒன்றை வைத்துப் பற்றவைத்தார். அரை மணி நேரத்தில் பெட்டி பாடியது.

பாய் என் பக்கம் திரும்பினார். “அப்ப நீ எதுக்குப்பா இங்க ஒக்காந்திருக்க?”

“போர்டுக்குப் பொருத்தமா ஒரு ஆம்பள வேணும்ல பாய்.”

அவர் சிரிக்கவில்லை. “இந்தப் புள்ள கையிய ஊரே கொண்டாடணும்ப்பா. நான் சொல்றேன் எல்லாருக்கும்.”

அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். சந்தோசம் என்று ஒன்று வருவதற்கு முன்னால் முகம் ஒரு மாதிரி தயங்குமே, அந்த முகம். நான் சொன்னேன்: “வேணாம் பாய், சொல்லிறாதீங்க. அக்காவுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம்.”

அந்த வருடம் அக்காவுக்கு யாரும் வரன் பார்க்கவில்லை. அதற்கு முந்தின மூன்று வருடமும் பார்க்கவில்லை. அது அக்காவுக்கும் தெரியும். நான் காப்பாற்றியது என் நாற்காலியை. அக்கா மறுபடி தலையைக் குனிந்து திருகாணிகளைப் பொறுக்கினார். பாய் சரியென்று போய்விட்டார்.

போன வருடம் அக்காவுக்கு ரத்தத்தில் ஏதோ கோளாறு என்றார்கள். டாக்டர் சொன்ன பெயர் என் வாயில் நுழையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அக்கா காதுபடச் சொன்னது ஒன்றுதான்: “இப்படி ஒரு தம்பி கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்.” அக்கா, “ஆமா” என்றார். நானும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நல்ல தம்பி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் அக்கா போய்விட்டார்.

அடக்கத்தன்று வீட்டு வாசலில் பெரியப்பா எழுந்து பேசினார். “கட்டிக் குடுக்க முடியாத அக்காவ வச்சுக் கஞ்சி ஊத்துனான்யா இவன். எந்தத் தம்பி செய்வான்?” சனமெல்லாம் தலையாட்டியது. வரிசையாக வந்து என் கையைப் பிடித்தார்கள். அந்த வரிசையில் பாயும் வந்தார். கையைப் பிடித்து, காதோரம் குனிந்து கேட்டார். “இப்பயும் சொல்லக் கூடாதா தம்பி?”

ஊரையே வாயால் சிரிக்க வைக்கிறவன் நான். அன்றைக்கு வரிசையில் அடுத்து நின்றவருக்கு இன்னொரு கையை நீட்டினேன். பாய் கையை விட்டுவிட்டுப் போனார்.

அந்த வாயைத் திறக்க ஒரு வருடம் ஆகியிருக்கிறது. பெரியப்பா, நீங்கள் முன்வரிசையில்தான் இருப்பீர்கள். அக்காவுக்கு யாரும் கஞ்சி ஊற்றவில்லை. நாங்கள் எல்லாரும்தான் அக்காவிடம் வாங்கிக் குடித்தோம். உங்கள் இடுப்புவலிக்கு மருந்து வாங்கி வந்தேனே, அதுவும் அக்கா திரைக்குப் பின்னால் குனிந்து குனிந்து வந்த காசு. அக்காவைக் கட்டிக் கொடுக்க முடியாமல் போகவில்லை. யாரும் முயற்சி செய்யவில்லை. சம்பாதிக்கிற கை வீட்டைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று உள்ளுக்குள் எல்லாருக்கும் இருந்தது. எனக்கு எல்லாரையும்விட அதிகமாக இருந்தது. கோபித்துக்கொள்கிறவர்கள் முதலில் என்னிடம் கோபித்துக்கொள்ளுங்கள். வரிசையில் நான் முதல் ஆள். ஆனால் என்னோடு நிறுத்திவிடாதீர்கள்.

நன்றி சொல்ல வேண்டும், அதுதான் முறை. ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் அக்காவுக்குத் தலை வாரிவிட்ட நர்ஸ் அம்மாவுக்கு நன்றி. கூலியை விட்டுவிட்டுச் சின்னாளப்பட்டியில் இருந்து ரத்தம் கொடுக்க வந்த நெசவாளி அண்ணனுக்கு நன்றி. உங்கள் சேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது, மன்னித்துவிடுங்கள். அது யார் கைக்கு வந்த பரிசு என்று என் பெண்டாட்டிக்குத் தெரிந்த நாளில் இருந்து அவள் அதைக் கட்டுவதில்லை. கேட்கக் கூடாத இடத்தில் கேள்வி கேட்ட பாய்க்கு நன்றி. பாய், சொல்லலாம். எல்லாருக்கும் சொல்லுங்கள். சாப்பிட மட்டும் வந்தவர்களுக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. ஒரு வருடமாகக் கடை பூட்டிக் கிடக்கிறது. போகிறவர்கள் வருகிறவர்கள், “பாவம், அக்கா போன துக்கத்துல தொழிலையே விட்டுட்டான்” என்று என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். துக்கம் இருக்கிறது. ஆனால் கடை பூட்டியிருப்பது அதனால் இல்லை.

மெக்கானிக் இறந்துவிட்டார்.