முதல் வாய்

மந்தைவெளியில் ஆலிஸ் டீச்சரைத் தெரியாதவர் குறைவு. ஆனால் இருபத்தாறு ஆண்டுகளாக, தம்பி ஃபிரெட்ரிக்கின் தட்டிலிருந்து மூன்று வேளையும் முதல் வாயை அவரே உண்டு காட்டிவந்தது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. சாப்பாட்டில் விஷம் கலக்கிறார்கள் என்ற பயம் தம்பிக்கு. மாத்திரைகள் காதில் கேட்ட குரல்களைத் தணித்தன. அந்தப் பயத்தைத் தணிக்கவில்லை.

ஆலிஸுக்கு அறுபத்தெட்டு வயதானபோது, நாள்பட்ட மனநோய் உள்ளவர்களைப் பராமரிக்கும் அடையாற்று இல்லமொன்றில் தம்பிக்கு இடம் கிடைத்தது. சாப்பிட மறுப்பவரை வைத்துக்கொள்ள அங்கு வசதியில்லை.

"இன்னிக்கு நீங்க வாயில வெக்காதீங்க, டீச்சர்," என்றார், அன்று காலைதான் அவரிடமிருந்து விஷயத்தைக் கேட்டறிந்த இல்லப் பணியாளர் சூடாமணி. "அப்புறம் மூணு வேளையும் பஸ் புடிச்சு வந்துக்கினே இருக்கணும்."

சாம்பார் சோறு ஆறிக்கொண்டிருந்தது. தம்பி தொடவில்லை.

"நீ சாப்பிடலையா, அக்கா?"

"பசியில்லடா."

அது பொய். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டதோடு சரி. ஒரு மணி நேரம் கழிந்தபின், இனித் தம்பியைத் திரும்ப அழைத்துப்போவதுதான் வழி என்று ஆலிஸ் எழுந்தார். கை நடுங்கியது, நெற்றி வியர்த்தது.

ஃபிரெட்ரிக் அந்தக் கையையே பார்த்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து, மென்று விழுங்கி, அக்கா வழக்கமாகக் காத்திருக்கும் அளவுக்கே காத்திருந்தார். தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒண்ணும் கலக்கல. நீ சாப்பிடு."

சாம்பாரில் உப்புக் குறைவு. ஆலிஸ் அதைச் சொல்லவில்லை.