மச்சானுக்கு வாங்கிய நெட்டைக்கால் பைபாட்

எங்கள் கூட்டத்தில் யார் பைபாட் வாங்குவதென்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். பைபாட் என்றால் துப்பாக்கிக் குழலுக்குக் கீழே மாட்டுகிற இரண்டு கால். கையின் ஆட்டம் குழலுக்குப் போகாமல் அது தாங்கிக்கொள்ளும். படுத்துச் சுடுகிறவருக்கு ஒரு சாண் உயரக் குட்டைக் கால் போதும். உட்கார்ந்து சுட அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். சிமென்ட் தரைக்கு ரப்பர் பாதம், மணலுக்குக் கூர்முனை. ஸ்பிரிங் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு நான் எதையுமே சிபாரிசு செய்யமாட்டேன். அது துள்ளுகிற துள்ளலில், பைபாட் மேல் வைத்தால் குறி இடம் மாறிவிடும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். இவ்வளவு தெரிந்த நான்தான் என் மச்சானுக்குத் தப்பானதை வாங்கிக் கொடுத்தேன்.

கூட்டம் என்றால் ஆறு பேர். அரியாங்குப்பத்தில் நண்பர் ஒருவரின் காலி மனை. சுற்றிலும் ஆளுயர மதில், கடைசியில் மண்மேடு. ஞாயிறு காலையில் லைசென்ஸ் தேவைப்படாத காற்றுத் துப்பாக்கிகளோடு அங்கே போவோம். தார்ப்பாயை விரித்து வரிசையாகக் குப்புறப் படுப்போம். எல்லோரும் பத்துக் குண்டையும் முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பாதுகாப்புக்காக வந்த வழக்கம்தான். ஆனால் முதலில் முடித்தவர்கள் முகவாயைக் கையில் தாங்கிக்கொண்டு ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால், சுடுவதைவிட அந்தப் பேச்சுக்காகத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். தெருவில் அவரைச் ‘சொல்தா’ என்பார்கள், பிரெஞ்சில் சிப்பாய். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எங்களில் நன்றாகச் சுடுகிறவரும் அவர்தான், அதைப் பற்றி வாயே திறக்காதவரும் அவர்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய இடது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் காபி டம்ளர் ஆடியது, பிறகு குறி ஆடியது. மூன்று வாரம் வரவில்லை. நான்காம் வாரம் போன் செய்தார்.

"மாப்ள, எனக்கு ஒரு பைபாட் பாத்து வாங்கிக் குடுங்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறவன். யாராவது வந்து பேரிங் கேட்டால், எந்த மிஷினுக்கு என்று கேட்காமல் அலமாரியைத் திறக்கமாட்டேன். அதற்காகவே அங்கே என்னை ஏசுகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவன் மச்சானிடம் படுத்தா, உட்கார்ந்தா என்று கேட்கவில்லை. நானே முடிவு செய்துவிட்டேன். கை நடுங்குகிற மனுஷன், அறுபதைத் தாண்டியவர், அவரை எதற்குத் தரையில் போட்டுப் புரட்ட வேண்டும்? நெட்டைக் காலாகப் பார்த்து, வழுக்காத ரப்பர் பாதமாகப் பார்த்து வாங்கினேன். கூடவே ஒரு குட்டை பிளாஸ்டிக் ஸ்டூலும் வாங்கினேன். அந்த ஸ்டூலை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் எடுத்துக் கொடுத்தேன். அதில் பெருமை வேறு. தார்ப்பாயின் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு, பைபாட் காலை நீட்டிப் பூட்டி, இனிமேல் நீங்கள் கஷ்டப்பட வேண்டாம், உட்காருங்கள் என்றேன். அவர் ஸ்டூலைப் பார்த்தார். பிறகு தார்ப்பாயில் தனக்காக விட்டிருந்த இடத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

பத்தும் நன்றாகவே விழுந்தது. சுட்டு முடித்தவர்கள் கீழே பேச ஆரம்பித்தார்கள். அவரோடு பேச வேண்டுமென்றால் படுத்தபடியே கழுத்தைத் திருப்பி அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒருவர் இரண்டு முறை பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். நான் அதுவும் செய்யவில்லை. என் குண்டுகள் எங்கே விழுந்தன என்பதிலேயே இருந்தேன். கிளம்பும்போது மச்சான் என்னிடம் ‘மெர்சி’ என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். வீட்டு மனிதர்களிடம் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை. முட்டி வலி என்றார், மழை என்றார், விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்றார். நானும் நம்பினேன். நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி ஒரு விஷயம் சொன்னாள். எனக்குப் போன் செய்வதற்கு முந்தைய அந்த மூன்று வாரமும், அவள் அண்ணன் தினமும் காலையில் ஹாலில் பாயை விரித்து, இரண்டு செங்கல்லை அடுக்கி, அதன் மேல் துப்பாக்கியை வைத்துப் படுத்துப் பார்த்தாராம். கை நடுங்கினாலும் படுத்தால் குறி நிற்கிறது என்று அண்ணியிடம் சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாராம். செங்கல் உயரத்துக்கு ஒரு பைபாட் இருந்தால் போதும், பழையபடி எல்லோரோடும் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அவளிடம் எகிறினேன்.

"நேத்துதான் அண்ணி சொன்னாங்க," என்றாள். "எங்கண்ணன் வாயத் தொறந்து, இது வேணாம் அது வேணும்னு சொல்ற ஆளா?"

அந்த வாரமே குட்டைக்கால் பைபாட் ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் இளைத்திருந்தார். நடுக்கம் வலது கைக்கும் வந்திருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது முயற்சியில்தான் உட்கார்ந்தார். கொண்டுபோன பெட்டியைப் பிரிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"மச்சான், நீங்க படுத்து சுடறீங்களா, உக்காந்து சுடறீங்களா?"

அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அன்னிக்குக் கேட்டிருந்தா படுத்துன்னு சொல்லியிருப்பேன், மாப்ள," என்றார். "இப்ப கீழ படுத்தா, தூக்கி விட ரெண்டு பேர் வேணும்."