தாகத்தில் நின்ற மரங்களின் கரி

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் குழி வெட்டிப் பழங்காலத்துக் கரி பொறுக்கிய அந்தக் கோடையில், என்னிடம் பேச ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அடுத்த அறையில், ஏலக்காய் எடுக்கப் போகும் ஓர் அக்கா. கணவர் இறந்துவிட்டார், மகள் போடியில் இருந்தாள். மண் வெட்டிய ஆட்கள் வேலை முடிந்து போனபின் குழிக்குள் நானும் ஓர் இடுக்கியும் மட்டுமே.

மதியம் அக்கா தூக்குவாளியோடு குழிமேட்டில் வந்து உட்காருவார்.

"ஏனுங்கக்கா, சீக்கிரமே வந்துட்டீங்க?"

"இந்த 'ங்க'வ விடு தாயி. இம்புட்டு மரியாதை எனக்குப் பழக்கமில்ல, கூச்சமா இருக்கு."

நான் பிறந்தது கோபாலபுரம் என்ற மேற்கத்திக் கிராமத்தின் பக்கம். 'ங்க' போடாமல் எனக்குப் பேச வராது.

ஒரு நாள் நகமளவு கரித்துண்டை உள்ளங்கையில் வைத்து, இதில் என்ன பார்ப்பாய் என்று கேட்டார். காற்றில் இருக்கும் கார்பனில் இலேசானதும் உண்டு, சற்றுக் கனமானதும் உண்டு; அவற்றைத்தான் ஐசோடோப்பு என்கிறோம். மரம் இலேசானதையே அதிகம் எடுக்கும். தண்ணீர் இல்லாத காலத்தில் இலைத்துளைகளை மூடிக்கொள்வதால், உள்ளே அகப்பட்ட காற்றில் இருக்கும் கனமானதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். எரிந்து கரியான பிறகும் அந்தத் தடம் பெரிதாக அழியாது. இதையெல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்.

"அப்ப, மரம் தவிச்சது கரியில தெரிஞ்சிருமா?"

"தெரியுங்க. மெஷின்ல போட்டு எரிச்சு, அதுல வர்ற வாயுவத்தான் பாக்கணுங்க."

"ஏற்கெனவே எரிஞ்சத மறுபடியும் எரிக்கியா?"

கரித்துண்டை என் கையில் திருப்பி வைத்துவிட்டுத் தூக்குவாளியைத் திறந்தார்.

மழைக்கு முன் குழியை மூடிவிட்டு ஊர் திரும்பினேன். முடிவுகள் வந்த அன்று ஆய்வகத்தில் யாரும் இல்லை. அடி அடுக்கின் எல்லாத் துண்டுகளிலும் கனமான கார்பன் கூடியிருந்தது. அந்த மலையில் நெடுங்காலம் மழை பொய்த்திருக்கிறது. எழுந்து நின்றேன், யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அக்காவின் போன் அணைந்திருந்தது.

அடுத்த குழிக்காகத் திரும்பிப் போனபோது பக்கத்து அறை பூட்டியிருந்தது. மகள் வீட்டோடு போய்விட்டார், இனி வரமாட்டார் என்றார் கங்காணி. அவரிடம் மகளின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். அக்காவே எடுத்தார்; பின்னால் குழந்தைகளின் கூச்சல்.

"யாரு, கரி பொறுக்குற புள்ளையா?"

"ஆமாங்கக்கா. அந்த மரமெல்லாம் தவிச்சுத்தான் நின்னிருக்குதுங்க."

"பொறவு?" என்றார்.

"பொறவு மழை வந்திருக்குதுங்க. மேல் அடுக்குக் கரியில தெரியுது."

"அப்பச் சரி." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க வீடு நெறைய ஆளு தாயி. ஆனா எங்கிட்டப் பேசத்தான் யாருமில்ல."

அன்று மதியம் புதிய குழியின் மேட்டில் தனியாகச் சாப்பிட்டேன். ஏலச்செடிகளுக்கு அப்பால் யாரோ நடந்து போகும் சத்தம் கேட்டது; ஆள் தெரியவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே கூப்பிடுகிறார். பெரும்பாலும் பேச ஒன்றும் இருப்பதில்லை. இருவரும் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் இருக்கிறோம்.