ஐந்தாவது பெயர்

இது நடந்தது. நம்பாமலிருக்க நானும் முயன்று பார்த்தேன். என் கேமராவில் இருக்கும் படங்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அன்று பட்ட பயம் குறைந்துவிட்டது. வெட்கம் குறையவில்லை. அதனால்தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமலிருந்தேன்.

போன செப்டம்பரில், எங்கள் கல்யாணத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது, கம்ஷத்தும் நானும் அல்மாத்தி நகரத்திலிருந்து சாரின் என்ற பள்ளத்தாக்குக்குப் போனோம். வெயில் சாயும் நேரத்தில் அங்குள்ள செம்பாறைக் கோபுரங்கள் உள்ளுக்குள் தீ வைத்ததுபோல் நிற்கும். அந்த வெளிச்சத்தில் அழைப்பிதழுக்கு ஒரு படம் வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆற்றங்கரையில் கூட்டமாக இருந்ததால், பூங்காக் காவலர்கள் காட்டிய பாதையை விட்டு, ஒரு குறுகிய பாறைப் பிளவுக்குள் அவளை அழைத்துப்போனேன். மறுபக்கம் வழியில்லாத பிளவு அது.

"படம் நல்லா வரலேன்னா மாப்பிள்ளையை மாத்திடுவேன்," என்றாள். அவள் சிரிப்பைப் பாறைகள் திருப்பித் தந்தன.

முக்காலியை நிறுத்தி, சில நொடிக்கு ஒரு படம் தானாக விழும்படி கேமராவை வைத்தேன். டிக்... கைகோத்து நின்றோம். டிக்...

மணி ஆறு நாற்பது.

"யார் பிள்ளைங்க நீங்க?"

பாறையடியில் ஒரு கிழவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆட்டுத்தோல் கோட்டு. கால்களை நீட்டியிருந்தார். நாங்கள் வந்தபோது அங்கே யாருமில்லை. எங்களைக் கடக்காமல் யாரும் உள்ளே வரவும் முடியாது. ஆனாலும் பெரியவர் ஒருவர் இப்படிக் கேட்டால் கசாக்கியர்களான நாங்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயர் தெரியாதவனை அநாதை என்போம். அந்த ஏழு பெயரில் ஒன்று பொதுவாக இருந்தாலும் சம்பந்தம் செய்வதில்லை; அண்ணன் தங்கை முறையாகிவிடும்.

கம்ஷத் சலாம் சொல்லிவிட்டு ஏழு பெயர்களையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். ஐந்தாவது பெயர், தொக்தசின். கிழவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

எனக்கு நான்குதான் தெரியும். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அதை அவள் முன்னால் எப்படி ஒப்புக்கொள்வது? தெரிந்த நான்கைச் சொன்னேன். மிச்சம் மூன்றையும் நின்ற இடத்திலேயே இட்டுக்கட்டினேன். என் குரல் பாறையில் மோதி, அந்தப் பொய்யை எனக்கே மறுபடி சொன்னது.

டிக்...

"அஞ்சாவது அது இல்லப்பா," என்றார். "தொக்தசின்."

"அது இவளோட அஞ்சாவது, தாத்தா."

"ரெண்டு பேருக்கும்."

அப்போதுதான் கவனித்தேன்... அவர் குரலை மட்டும் பாறைகள் திருப்பித் தரவில்லை.

காற்று வீசியது. கம்ஷத்தின் கூந்தல் பறந்தது.

அவர் தாடி அசையவில்லை.

டிக்...

"போலாம்," என்றாள். என் கையை எப்போதோ விட்டிருந்தாள்.

கேமராவை முக்காலியோடு வாரிக்கொண்டு ஓடினோம்.

வண்டியில் வெகுதூரம் வந்தபின் அவள் கேட்டாள்: "நீ சொன்ன பேரெல்லாம் நிஜம்தானே?"

நிஜம் என்றேன்.

வீட்டில் படங்களைப் பார்த்தேன். கிழவரோடு பேசிய நேரத்துப் படங்கள் எல்லாவற்றிலும் நாங்கள் இருவர் மட்டும், வெறும் பாறையைப் பார்த்தபடி. நான் பொய் சொன்ன கணமும் ஒரு படத்தில் விழுந்திருந்தது. அதில் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் பெரியப்பாவுக்குப் போன் செய்து, எனக்கு ஐந்தாவது தகப்பன் பெயர் தொக்தசினா என்று கேட்டேன்.

"யார் சொன்னா உனக்கு?" என்றார். "எங்கப்பா சாகும்போது என் காதுல மட்டும் சொன்ன பேருடா அது. நான் இதுவரைக்கும் வாய்விட்டுச் சொன்னதில்ல."

பிறகு மெல்லச் சொன்னார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறில், ஜார் மன்னனின் படைக்குப் பயந்து ஜனங்கள் சீன எல்லையை நோக்கி ஓடியிருக்கிறார்கள். தொக்தசினின் மூத்த மகன் மந்தையோடு முன்னால் போய்விட்டான். இளையவன் அப்பாவைக் குதிரையில் ஏற்றி வந்தான். குதிரை தளர்ந்தது, நடக்க முடியாத பிள்ளைகளும் இருந்தார்கள். அப்பாவை உயிரோடு சாரினில் ஒரு பாறையடியில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். வழியிலேயே இறந்துவிட்டார் என்று அண்ணனிடம் சொன்னான். அதன்பிறகு அண்ணன் முகத்தில் விழிக்க முடியாமல் வேறு ஊருக்குப் போய், தாய்வழிக் குலத்தின் பெயரைத் தன் குலமாகச் சொல்லிக்கொண்டான்.

அந்த இளையவனின் வழிதான் எங்கள் குடும்பம். மூத்தவனின் வழி கம்ஷத்.

அன்று மாலையே கம்ஷத்தின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் இட்டுக்கட்டிய மூன்று பெயர்களையும் சேர்த்து. அவள் அழவில்லை. என் அம்மா அவள் காதில் போட்டு நிச்சயம் செய்த தோடுகளைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வாசல்வரை கூடவே வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாத்துப் போங்க, அண்ணா," என்றாள்.