புகையை மட்டும் நிறுத்தியவர்

அவரை எல்லோரும் 'பாத்தாச்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். டீசல் வண்டி மெக்கானிக். "அண்ணே, பிரேக்கு ஒரு கண்ணு பாத்தீங்களா?" என்று கேள்வி முடிவதற்குள் "பாத்தாச்சு" என்று பதில் வந்துவிடும். பெரும்பாலும் உண்மையிலேயே பார்த்திருப்பார். இருபத்தாறு வருடத்தில் அவர் கைபட்ட வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை என்று அந்த வட்டாரத்தில் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

டயர் கடைக்கும் கண்ணாடி அறுக்கும் கடைக்கும் நடுவே தகரக் கூரை போட்ட பட்டறை. மாடியில் ஒற்றை அறை. மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது, பிள்ளை இல்லை. உறவு என்று சொல்லிக்கொள்ளத் தங்கையும் அவள் புருஷனும் மட்டும்தான். தங்கை புருஷன் சொந்தமாக ஒரு பழைய டீசல் கார் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். மலைக்கு அந்தப்புறம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைக் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் பிழைப்பு. சிறுநீரகம் கெட்டுப்போன ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வாரம் இரண்டு தடவை வருவார். "உன் வண்டியிலதான் எனக்குத் தூக்கம் வருது" என்பாராம்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றபோது, பின்னால் தெருவே மங்கிப்போயிருந்தது.

"மச்சான், பின்னாடி வர்றவன்லாம் என் ஏழு தலைமுறையையும் திட்டுறான். வெள்ளிக்கிழமை புகைச் சோதனை வேற. இப்படியே போனா சர்டிபிகேட்டுக்குப் பதிலா எழவுதான் கிடைக்கும்."

பாத்தாச்சு ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொல்லிப் பின்னால் போய் நின்றார். கன்னங்கரேலென்று வந்தது.

"வெள்ளையும் இல்ல, நீலமும் இல்ல. கறுப்புன்னா உள்ள போற டீசல் முழுசா எரியலன்னு அர்த்தம். ஒண்ணு டீசல் ஜாஸ்தியா போகுது, இல்லன்னா காத்து பத்தல."

"காத்தா இருக்குமோ?"

"ஏர் பில்டர் போன மாசம் நான் மாத்துனது மாப்ள. பாத்தாச்சு."

அப்படிச் சொன்னாலும் மூடியைத் திறந்து பார்த்தார். பில்டர் புதுசு மாதிரி இருந்தது. மூடினார். காற்றைப் பற்றிய யோசனையையும் அதோடு மூடிவிட்டார்.

மீதியெல்லாம் டீசல் பக்கம் போனது. டீசலைத் தூவும் நான்கு நாசிலையும் கழற்றிக் கைப்பம்பில் மாட்டி அடித்துப் பார்த்தார். மூன்று பனிபோல் தூவின, ஒன்று சொட்டியது. சொட்டியதை மாற்றினார். புகை குறையவில்லை. பம்பின் டைமிங்கைச் சரிபார்த்தார், வால்வு இடைவெளியைச் சரிசெய்தார். செவ்வாய் போனது, புதனும் போனது. புகை மட்டும் போகவில்லை. சோறு தண்ணி மறந்து வேலை செய்தார். டயர் கடைக்காரர் எட்டிப்பார்த்து, "என்ன, இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கீங்களா?" என்று சிரித்தபோது அவருக்குச் சுருக்கென்றது.

வியாழன் மத்தியானம் டீசல் பம்பின் பின்னால் இருக்கும் திருகைக் கொஞ்சம் வெளியே சுற்றினார். இன்ஜினுக்குப் போகும் டீசலின் அளவைக் குறைக்கும் திருகு அது. புகை நின்றுவிட்டது. அப்படிச் செய்தால் எந்த டீசல் வண்டியிலும் புகை குறையும். கூடவே இழுவையும் குறையும். அது வியாதிக்கு மருந்தில்லை, காய்ச்சல் காட்டும் கருவியை உடைப்பது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

இழுவை குறையும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், "அப்போ கோளாறு என்னன்னு தெரியலையா மச்சான்?" என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. "அடுத்த வாரம் ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போ, சாவகாசமா பாக்கணும்" என்றார், அவ்வளவுதான். மாப்பிள்ளை தலையாட்டினான். வெள்ளிக்கிழமை வண்டி சோதனையில் பாஸாகிவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மலையேற்றத்தில், பாரம் ஏற்றிய டிராக்டர் ஒன்றைத் தாண்டும்போது எதிரே லாரி வந்தது. நூறு தடவை தாண்டிய அதே இடம். கார் பாதி தாண்டியும் தாண்டாமலும் இருந்தபோது மோதல் நடந்தது. பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்த டீச்சர் அந்த இடத்திலேயே போய்விட்டார். மாப்பிள்ளையின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

வேகமாக, கண்மூடித்தனமாக ஓட்டியதாக வழக்கு. காரைப் பார்வையிட வந்த அதிகாரி பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றையும் பார்த்தார். மூன்றும் நல்ல நிலையில் இருந்தன. வண்டியில் குறை இல்லை, ஓட்டியவர் பிழை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் தங்கை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே புருஷனைத் திட்டினாள். "எதுக்கெடுத்தாலும் அவசரம். கால்ல வெந்நீர ஊத்திக்கிட்ட மாதிரி. அந்தம்மா உசுரு போச்சே, அதுக்கு என்ன பதில் சொல்லப்போற?"

மாப்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தூரம் இருந்துச்சுன்னுதான் நெனச்சேன். என் கண்ணுதான் தப்பா கணக்குப் போட்டிருக்கு."

பாத்தாச்சு கையில் காப்பி பிளாஸ்க்கோடு நின்றார். ஒரு டம்ளரில் ஊற்றினார். யாரும் குடிக்கவில்லை.

நான்காம் நாள் அந்த லாரியின் டிரைவர் பார்க்க வந்தார். நெற்றியில் கட்டு. உள்ளே வரக் கூசி வராந்தாவிலேயே நின்றுவிட்டார். பாத்தாச்சு அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தார்.

"என் மேல தப்பில்லண்ணே. அவரு மேலயும் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல" என்றார் லாரிக்காரர். "தாராளமா போயிருக்கலாம். எனக்கும் அவருக்கும் நடுவுல அவ்வளவு தூரம் இருந்துச்சு. திடீர்னு வண்டி கன்னங்கரேல்னு ஒரு புகை விட்டுச்சு. அப்புறம் மாடு படுத்த மாதிரி அப்படியே சோந்து போச்சு. நான் பிரேக்க மிதிச்சேன், மிதிச்சேன். எங்க நிக்குது?"

"புகையா?"

"அடுப்புக்கரி மாதிரி."

டீசலைத்தான் அவர் குறைத்துவிட்டாரே. குறைத்த பிறகும் கறுப்பாகப் புகைந்தால், கோளாறு டீசல் பக்கம் இருக்கவே முடியாது. காற்று அடைத்திருக்க வேண்டும். முழுசாக அடைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கே போலீஸ் நிலையத்துக்குப் போனார். நொறுங்கிய வண்டி பின்கட்டில் கிடந்தது. வண்டிக்குள் மாப்பிள்ளையின் செருப்பு இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்றார். டீ குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் கையசைத்துவிட்டார். வளைந்திருந்த பானெட்டை நெம்பித் தூக்கி, பில்டர் பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயைக் கழற்றினார். குழாய் வளையும் இடத்தில் விரலுக்கு ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. இழுத்தார். துணி.

போன மாதம் பில்டர் மாற்றும்போது தூசி உள்ளே விழாமலிருக்கக் குழாயின் வாயில் அவர் அடைத்துவைத்த துணி. கை துடைக்கவென்று தங்கை கிழித்துக்கொடுத்த மாப்பிள்ளையின் பழைய சட்டை. ஒரு பை அப்படியே தைத்தபடி இருந்தது. எடுக்க மறந்து குழாயை மாட்டியிருக்கிறார். இன்ஜின் இழுத்த இழுப்பில் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து, அந்த ஏற்றத்தில் மூச்சையே அடைத்துவிட்டது.

சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் பார்க்கவில்லை. துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்று நாள் அது அவர் தலையணைக்கு அடியில் கிடந்தது. பட்டறையைத் திறக்கவில்லை. எரித்துவிடலாம் என்று ஒரு தடவை தீப்பெட்டியைக் கூட எடுத்தார். 'என் கண்ணுதான் தப்பா கணக்குப் போட்டிருக்கு' என்ற பேச்சு காதிலேயே நின்றது. நான்காம் நாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போய்த் துணியைக் கட்டில்மேல் வைத்தார். திருகைச் சுற்றியது முதற்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தங்கை துணியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கையால் கிழித்தது.

மாப்பிள்ளை தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அப்போ நான் போட்ட கணக்கு சரிதானா மச்சான்?"

"சரிதான் மாப்ள. தாண்டியிருக்கலாம்."

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அடிபட்ட நாளிலிருந்து அவன் அழுதது அதுதான் முதல் தடவை. அது கோபத்தில் வந்த அழுகை மாதிரித் தெரியவில்லை.

தங்கை எழுந்து கதவருகில் போய் நின்றாள். "தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வண்டிய எடுத்திருக்க மாட்டாரே அண்ணா" என்றாள். அவர் துணியைக் கட்டில்மேலிருந்து எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்து நேரே போலீஸ் நிலையத்துக்குப் போனார். இன்ஸ்பெக்டர் துணியைப் பேனாவால் தூக்கிப் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?"

"வண்டி காத்துக் குழாயில சார்."

"யாரு எடுத்தது?"

"நான்தான்."

"எப்போ?"

"நாலு நாளாச்சு."

"அப்போ யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல சார்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மேசைமேல் வைத்தார். "ஏம்பா, தங்கச்சி புருஷன காப்பாத்தணும்னா வேற நல்ல கதையா சொல்லக்கூடாதா? நீயே உருவிட்டு, நாலு நாள் வீட்ல வெச்சுட்டு, இப்போ சாட்சின்னு கொண்டுவந்து நீட்டுற. இத எடுக்காம எங்கிட்ட வந்து குழாயத் திறங்கன்னு சொல்லியிருந்தா, நான் திறந்திருப்பேன்."

நீதிமன்றத்திலும் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். லாரிக்காரர் புகையைப் பற்றிச் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். ஆனால் பழைய டீசல் வண்டி என்றால் புகை வரத்தானே செய்யும் என்று அரசு வக்கீல் ஒரே வரியில் முடித்துவிட்டார். காலை இழந்தவன் என்பதால் மாப்பிள்ளைக்குச் சிறை இல்லை. ஆனால் குற்றவாளி அவன்தான், ஓட்டுநர் உரிமம் நிரந்தரமாக ரத்து. இருபத்தாறு வருடம் தேடிய பெயர் கடைசியில் பாத்தாச்சுவுக்கு இப்படி உதவியது: அவர் கையால் அப்படி ஒரு தவறு நடக்குமென்று ஒருவரும் நம்பவில்லை.

டீச்சர் வீட்டுக்கும் ஒரு நாள் போனார். டீச்சரின் மகள் வாசல்படியில் நின்றபடியே முழுவதையும் கேட்டாள். "இத வெச்சு நான் என்ன பண்ண?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

இப்போது பட்டறை திறந்திருக்கிறது. வேலையும் வருகிறது. மாப்பிள்ளை தினமும் அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, சின்னச் சின்னப் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொடுக்கிறான். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. மத்தியானம் அவன் தூக்குச் சட்டியைத் திறந்தால் ஒரு ஆளுக்குத்தான் சாப்பாடு இருக்கும். தங்கை ஒரு நாளும் மறந்துகூட அதிகம் வைத்ததில்லை.

"பாதி எடுத்துக்க மச்சான்."

"நீ சாப்பிடு" என்பார் அவர். கையைத் துடைத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நடப்பார்.