சோலார் செல்லுக்கு வைத்த மஞ்சள்

கல்யாணப் பத்திரிகை அடிப்பதுபோல் சோலார் செல்லையும் மையால் அச்சடிக்கலாம்! அந்த அதிசயத்தில் மயங்கித்தான் புதுச்சேரியில் பிஎச்.டி. நேர்காணலுக்குப் போனேன். கல்லூரியில் நானே அச்சடித்த செல்லை விளக்கின் கீழ் வைத்தேன். மீட்டர் முள் அசையவே இல்லை. ஆய்வு மாணவருக்கு இருந்ததே ஒரே இடம்; செல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அப்போதுதான் மின்முனைகளில் மஞ்சள் காய்ந்திருப்பதைக் கண்டேன்.

“எங்கம்மா வேலை மேடம். பத்திரிகைக்குத் தடவற மாதிரி நாலு மூலையிலயும் தடவிட்டாங்க.”

பேராசிரியை சிரித்துவிட்டார். “தொடைச்சுட்டுக் காட்டும்மா.”

துடைத்ததும் முள் துள்ளி எழுந்தது. இடமும் கிடைத்தது!

முதலியார்பேட்டை வீட்டில் நடந்ததைச் சொன்னதும் அம்மா முகம் வாடிவிட்டது. “அப்ப இனிமே மஞ்சளே வெக்கக் கூடாதாடி?”

“செல்லை வெக்கற டப்பா மேல வைம்மா.”

ஆனாலும் அம்மா கையை நம்பாமல், இப்போதெல்லாம் வாசல் வெயிலில் செல்லுக்கு மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் செருப்பே போடுகிறேன்.